மாட்டின் காதில் என்ன சொன்னேன்

போன பதிவில் லாடம் கட்டுவதைப் பற்றி எழுதி நாலு போட்டோவும் போட்டிருந்தேன். சென்னையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "மூணாவது படத்துல மாட்டோட தலைமாட்டுல உட்கார்ந்து காதுல ஏதோ சொல்லிட்டிருக்கீங்களே, மந்திரமா?"

மந்திரம் எல்லாம் இல்லைங்க. ரெண்டு வரியில் பதில் போட்டுடலாம்னு உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழிச்சுட்டேன். கேள்வி சின்னதுதான். ஆனா ஒழுங்கா பதில் சொல்லணும்னா 2014-ல் நடந்த ஒண்ணைச் சொல்லணும். என் சம்சாரத்தையும் ரெண்டு டாக்டர்களையும் தவிர யாருக்கும் அதை முழுசா சொன்னதில்லை.

லாடப் பதிவைப் படிக்காதவங்களுக்காக: வண்டி மாட்டையோ ரேக்ளா மாட்டையோ நிக்க வெச்சு லாடம் கட்ட முடியாது. காலில் கயிறு போட்டு, ஒருத்தர் வாலைப் பிடிக்க, ஒருத்தர் கொம்பைத் திருப்ப, மண்ணில் சாய்ச்சுப் படுக்க வைக்கணும். நாலு காலையும் சேர்த்துக் கட்டிட்டா அவ்வளவுதான், அத்தனை பெரிய உடம்பு அசையாது. ஒரு காலுக்கு ரெண்டு குளம்பு, ஆக மொத்தம் எட்டு லாடம். ஆணி இறங்குறது நம்ம நகம் மாதிரி உணர்ச்சி இல்லாத இடத்தில். கை பழகினவர் அடிச்சா வலி கிடையாது. சின்ன வயசிலிருந்து நானும் கயிறு பிடிச்சிருக்கேன். கட்டிப்போட்ட மாட்டுக்குக் கண்ணு மட்டும் உருளும். மூக்குக்கு முன்னாடி இருக்கிற மண்ணு மூச்சுக்கு மூச்சு பறக்கும். அதுக்கு என்ன தோணும்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்லை.

2014 சித்திரை. கண்ணபுரம் மாட்டுச் சந்தை முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். சந்தையில் ஒரு மயிலைப் பூச்சிக்காளை வாங்கியிருந்தோம். (பொலிகாளையை எங்க பக்கம் பூச்சிக்காளைனுதான் சொல்வோம்.) புது இடம், புது மனுசங்க, அது இன்னும் கட்டுத்தரைக்குப் பழகலை. காலையில் தண்ணி காட்ட அவுத்தேன். முதுகில் உண்ணி கடிச்சுதோ ஈ கடிச்சுதோ, தலையை ஒரு வீசு வீசுச்சு. என்னைக் குத்தணும்னு அது குத்தலை. காங்கேயம் மாட்டுக் கொம்பு எப்படி இருக்கும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். நான் நின்ன இடம் தப்பு. வலது பக்கம் அடிவயித்தில் இறங்கிடுச்சு.

வேட்டியை வெச்சு அமுக்கிப் பிடிச்சுட்டு தம்பி காரில் கொண்டு போனான். வழியெல்லாம் ரத்தம். டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிட்டுப் போகும்போது மேலே ட்யூப் லைட்டுகள் ஒண்ணொண்ணா பின்னால் போனதும், யாரோ "பிரஷர் எழுபதுதான் இருக்கு" என்று கத்தியதும் ஞாபகம் இருக்கு. மூக்கில் மாஸ்க் வெச்சாங்க. அப்புறம் ஒண்ணும் இல்லை.

அப்புறம் சத்தம்.

முதலில் வந்தது சத்தம்தான். கிணத்து மோட்டார் மாதிரி ஒரு சீரான சத்தம், புஸ்ஸுனு ஒண்ணு, டக்குனு ஒண்ணு. தட்டில் இரும்புச் சாமான் விழுற சத்தம். ரெண்டு மூணு பேர் பேசுறாங்க. ஒருத்தர் மகளை எந்தக் காலேஜில் சேர்க்கிறதுனு கேட்கிறார். இன்னொருத்தர் ஃபீஸ் சொல்றார். வீட்டில்தான் படுத்திருக்கேன், யாரோ ஒரம்பரை வந்திருக்காங்க, எந்திரிச்சுப் போய் வாங்கன்னு சொல்லணும்னு நினைச்சேன். கண்ணைத் திறக்கப் பார்த்தேன். கண்ணு திறக்கலை. தொண்டையில் என்னமோ அடைச்சிருக்கு. மூச்சு விடப் பார்த்தேன். நான் விடாமலேயே நெஞ்சு ஏறுது, இறங்குது. என் நெஞ்சு என் பேச்சைக் கேட்கலை.

அப்பத்தான் வயித்துக்குள்ள கை இருக்கிறது தெரிஞ்சுது. வலியை எப்படிச் சொல்றதுனு தெரியலை. எரிச்சல் இருந்துச்சு, இழுக்கிறது இருந்துச்சு. ஆனா எனக்கு இன்னைக்கும் நினைவில் நிக்கிறது வலி இல்லைங்க. எனக்கு அப்போ தோணினது ஒண்ணே ஒண்ணுதான்: நான் செத்துட்டேன். மாடு குத்திச் செத்தா போலீஸ் கேஸ் ஆகும், போஸ்ட்மார்ட்டம் பண்ணாம உடம்பைக் கொடுக்க மாட்டாங்க. எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் மரத்திலிருந்து விழுந்து செத்தப்போ பிணவறை வாசலில் அரை நாள் நின்னவன் நான். அதுதான் எனக்கு நடக்குதுன்னு முடிவே பண்ணிட்டேன். செத்தவங்களுக்குத் தெரியும் போல, இத்தனை நாளா எல்லாருக்குமே தெரிஞ்சிருக்கு, நாமதான் தெரியாம அறுத்துட்டும் எரிச்சுட்டும் இருந்திருக்கோம்னு நினைச்சேன். எரிக்கிறதும் தெரியுமேங்கிற நினைப்பு வந்ததும் வந்த பயத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

காலில் சுண்டு விரலை அசைச்சிடலாம்னு பார்த்தேன். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒருத்தர் "மாட்டுக் கேஸுக்கு இன்னொரு பாட்டில் வந்துச்சா?" என்று கேட்டார். மாட்டுக் கேஸ் நான்தான். அப்போ இன்னும் சாகலை, ரத்தம் ஏத்துறாங்கன்னு அந்த ஒரு வார்த்தையில்தான் புரிஞ்சுது. ஆனா அது புரிஞ்சு நிம்மதி வர்றதுக்குள்ள எல்லாம் மங்கிப் போச்சு.

மூணாம் நாள் பேச முடிஞ்சப்போ, வார்டில் இருந்த ஒரு சின்ன டாக்டர்கிட்ட சொன்னேன். தோளைத் தட்டிக் கொடுத்துட்டு, "மயக்க மருந்துல அப்படித்தான் கனவு மாதிரி வரும், ரெஸ்ட் எடுங்க" என்றார். கெட்ட மனுசர் இல்லை, ராத்திரி பகல் பார்க்காம என்னைப் பார்த்துக்கிட்டவர்தான். சம்சாரத்துகிட்ட சொன்னேன். "உசுரு பொழைச்சு வந்ததே பெரிசுங்க, அதையே நினைக்காதீங்க" என்றாள். அம்மா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் துண்ணூறு போட்டு மந்திரிச்சுவிட்டாங்க. அவங்க அவங்களுக்குத் தெரிஞ்சதைச் செஞ்சாங்க. உசிரைக் காப்பாத்தினவங்களைக் குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும்னு நானும் வாயை மூடிட்டேன். கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கனவுதானோ? கனவுன்னா அந்தக் காலேஜ் ஃபீஸ் எப்படிக் கனவில் வரும்? எனக்குச் சம்பந்தமே இல்லாத ஃபீஸு.

உடம்பு ரெண்டு மாசத்தில் தேறிடுச்சு. மத்தது எதுவும் தேறலை.

மல்லாந்து படுக்க முடியலை. படுத்தா நெஞ்சு தானா ஏறி இறங்குற மாதிரி இருக்கும், துள்ளி எந்திரிச்சிடுவேன். தூங்கிட்டா திரும்பவும் உடம்பு பூட்டிக்கும்னு பயந்து தூங்காமல் இருக்கப் பழகினேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கட்டுத்தரையில் போய் உட்கார்ந்துக்குவேன். கேட்டா மாடு கன்னு போடுற நேரம்னு சொல்லுவேன். வருஷம் பூராவும் எந்த மாடு கன்னு போட்டுட்டே இருக்கும்? சம்சாரம் ஒண்ணும் கேட்கலை, ஒரு போர்வையை மட்டும் கொண்டு வந்து வெச்சுட்டுப் போவாள். தூக்கத்துக்காகக் குடிக்க ஆரம்பிச்சேன், மறைக்க ஒண்ணும் இல்லை. குடிச்சா தூக்கம் வரும், சரியா மூணு மணிக்கு அதுவே எழுப்பியும் விட்டுடும்.

சலூனில் சாய்ச்சு உட்கார வெச்சு மூஞ்சியில் ஈரத்துண்டு போட்டார், சோப்பு நுரையோட எந்திரிச்சு ரோட்டுக்கு வந்துட்டேன். பால் கேனை அடுக்குற சத்தத்தில் கை நடுங்கும். இதெல்லாம் ஏன்னு அப்போ எனக்கே தெரியாது. ரொம்ப நாள் புரியாமலே இருந்தது கம்ப்ரசர் விஷயம்தான். எங்க போர்வெல்லில் கம்ப்ரசர் மோட்டார். அதை ஓட்டினாலே நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், தோட்டத்தை விட்டு எங்கயாச்சும் போயிடணும்னு இருக்கும். ஹார்ட் பிரச்சினைன்னு நினைச்சு ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்தேன். நல்லா இருக்குன்னுட்டாங்க. பத்து நாள் மோட்டார் போடாமல் அரை ஏக்கர் தக்காளி காஞ்சுது. ஊரில் கேட்டவங்ககிட்ட கம்ப்ரசர் ரிப்பேர்னு சொன்னேன். அந்தப் புஸ்ஸு, அந்த டக்கு, ரெண்டும் ஆபரேஷன் ரூமில் எனக்கு மூச்சு விட்ட மிஷினோட சத்தம்ங்கிறது அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு டாக்டர் கேட்டப்பத்தான் எனக்கே உறைச்சுது.

இதில் எனக்கு ஆறாத ஒண்ணு இருக்கு. மகளுக்கு அப்போ ஒன்பது வயசு. திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், பின்னாடியிலிருந்து சத்தமில்லாமல் வந்து விளையாட்டுக்கு ரெண்டு கையாலும் என் கண்ணைப் பொத்தினாள். நான் உதறின உதறலில் பிள்ளை தூணில் போய் மோதி உதடு கிழிஞ்சுது. மூணு தையல். அதுக்கப்புறம் ரொம்ப நாள், என்னைக் கூப்பிடணும்னா தூரத்திலேயே நின்னு "அப்பா, நான்தான் வர்றேன்" என்று சொல்லிட்டுத்தான் கிட்ட வருவாள். ஆபரேஷன் ரூமில் கண்ணு காஞ்சு போகாமல் இருக்க இமை மேலே டேப் ஒட்டுவாங்கன்னும் எனக்கு அப்போ தெரியாது.

தையல் போட்ட இடத்தில் குடல் இறக்கம் வந்தது. முதலில் எலுமிச்சம்பழம் அளவு, அப்புறம் கொய்யாப்பழம், அப்புறம் தேங்காய். தீவனக்கட்டைத் தூக்க முடியாது, பெல்ட் போட்டுத்தான் நடக்கணும். ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னாங்க. 2017-ல் ஒரு தடவை அட்மிட்டும் ஆனேன். ராத்திரி முழுக்க வார்டில் விழிச்சுட்டே இருந்து, விடியக்காலை ட்ராலி உருள்ற சத்தம் கேட்டதும் முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்கு வந்துட்டேன். ஊர் பூரா சிரிச்சுது, மாட்டைக் கண்டு பயப்படாதவன் ஊசியைக் கண்டு ஓடி வந்துட்டான்னு. சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

2019-ல் குடல் மாட்டிக்கிட்டு ரெண்டு நாள் வாந்தி. அந்தத் தடவை தானா உள்ளே போயிடுச்சு, அடுத்த தடவை போகலைன்னா குடல் அழுகிடும்னு கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டரைப் பார்த்து கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினாங்க. போனேன். முப்பத்தஞ்சு வயசு இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, பல்லு ஆடுதான்னு வரிசையா கேட்டுட்டு வந்தாங்க. முன்னாடி மயக்க மருந்து கொடுத்தப்போ ஏதாச்சும் பிரச்சினை இருந்துச்சான்னு கேட்டாங்க. இல்லைங்கன்னு சொன்னேன். பக்கத்திலிருந்த சம்சாரம், "சொல்லுங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்லுவாள்னு நான் எதிர்பார்க்கலை. "அஞ்சு வருஷமா இவர் மல்லாந்து படுத்து நான் பார்த்ததில்லைங்க மேடம்" என்று அவளே ஆரம்பிச்சுட்டாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வெச்சுட்டாங்க. "என்ன கேட்டுச்சுங்கண்ணா?" என்றார்கள். கனவு வந்துச்சான்னு கேட்கலை. என்ன கேட்டுச்சு, எதை அசைக்கப் பார்த்தீங்க, மூச்சு எப்படி இருந்துச்சு, அப்போ என்ன நினைச்சீங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. போஸ்ட்மார்ட்டம்னு நினைச்சதைச் சொன்னப்போ அவங்க முகம் மாறிடுச்சு. பழைய காகிதம் இருக்கான்னு கேட்டாங்க. எங்க வீட்டில் ரேஷன் கார்டு, பட்டா, கன்னுக்குட்டி இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே மஞ்சப்பையில்தான் இருக்கும், அதில் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் இருந்துச்சு. ஒரு பக்கத்தில் கட்டம் கட்டமா எழுதியிருந்ததை விரலை வெச்சுப் பார்த்துட்டே வந்தவங்க ஒரு இடத்தில் நிறுத்தினாங்க.

"இது கனவு இல்லைங்கண்ணா. நீங்க முழிச்சுத்தான் இருந்திருக்கீங்க."

நான் அழுதுட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவங்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். நாப்பத்து மூணு வயசு ஆள், அதுக்கு முன்னாடி அப்பா செத்தப்போ அழுதது. பைத்தியம் பிடிச்சுட்டுதுன்னு என்னைப் பத்தி நானே அஞ்சு வருஷமா நினைச்சுட்டிருந்தது ஒரு வாக்கியத்தில் போச்சுங்க. பயம் போகலை. அது வேற.

அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். மயக்கம்னு நாம ஒரே வார்த்தையில் சொல்றது உண்மையில் மூணு வேலை. ஒரு மருந்து நினைவை அணைக்கும். ஒண்ணு வலியைக் குறைக்கும். மூணாவது மருந்து தசையைத் தளர்த்தி அசையாமல் வைக்கும், வயித்துக்குள்ள வேலை பார்க்க அது வேணும். மூணாவது மருந்து போட்டா மூச்சுத் தசையும் நின்னுடும், அதனால்தான் மிஷின். இந்த மூணும் தனித்தனி. ரத்தம் நிறையப் போய் பிரஷர் விழுந்து கிடக்கிற ஆளுக்கு நினைவை அணைக்கிற மருந்தை வழக்கமான அளவில் கொடுத்தா, பிரஷர் இன்னும் விழுந்து நெஞ்சே நின்னுடலாம். அதனால் கம்மியா கொடுப்பாங்க. அசையவிடாத மருந்து மட்டும் முழுசா வேலை செய்யும். "அன்னைக்கு அவங்க கொடுத்த அளவு உங்க உசிரைக் காப்பாத்த கொடுத்த அளவு. அதே அளவுதான் உங்களை முழிக்கவும் விட்டிருக்கு. ரெண்டும் உண்மை" என்றார்கள். யாரையாவது திட்டலாம்னு ஒரு வழி இருந்துச்சு, அதையும் அடைச்சுட்டாங்க. ஆனா மறுநாள் வந்து என்னைக் கேட்டிருக்கலாம், கேட்டவங்க கனவுன்னு சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு, அதை ஏன் இல்லைன்னு சொல்லணும்?

அதுக்கப்புறம் நான் இதைப் பத்தி விடாமல் தேட ஆரம்பிச்சேன். மகள் இப்போ வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறாள், இங்கிலீஷில் இருக்கிறதை அவள் படிச்சுச் சொல்லச் சொல்லக் கேட்டதுதான் எல்லாம். 1846 அக்டோபரில் பாஸ்டனில் மார்ட்டன் என்கிற பல் வைத்தியர் ஈதர் கொடுத்துக் காட்டினதைத்தான் மயக்க மருந்தோட தொடக்கமா சொல்றாங்க. ஆனா அதுக்கு முந்தின வருஷமே அதே ஊரில் ஹோரஸ் வெல்ஸ் என்பவர் சிரிப்பு வாயுவை வெச்சு ஒரு ஆளுக்குப் பல் பிடுங்கிக் காட்டப் போய், அந்த ஆள் கத்திட்டதால் எல்லாரும் அவரைக் கேலி பண்ணி அனுப்பிட்டாங்களாம். அந்தக் காலத்தில் மயக்கம் பத்தலைன்னா நோயாளி கத்துவார், காலை உதைப்பார், டாக்டருக்குத் தெரிஞ்சிடும். தசையைத் தளர்த்துற மருந்து ஆபரேஷன் ரூமுக்குள்ள வந்தது 1942-ல், கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில், கிரிஃபித் என்கிற டாக்டர் கையால். தென் அமெரிக்கக் காட்டு சனங்கள் அம்பு நுனியில் தடவுற குராரே நஞ்சுதான் அது. அன்னையிலிருந்து வயித்து ஆபரேஷன் சுலபமாச்சு. முழிச்சிருக்கிறவன் காலை உதைச்சுச் சொல்ற வழியும் அன்னையோட போச்சு.

குராரேயைப் பத்திப் படிச்சப்போ ஒரு கழுதை வந்துச்சு. 1814-ல் வாட்டர்டன் என்கிற இங்கிலாந்துக்காரரும் கூட்டாளிகளும் ஒரு பெட்டைக் கழுதைக்கு இந்த நஞ்சை ஏத்தினாங்க. மூச்சு நின்னு விழுந்துச்சு. தொண்டைக் குழாயில் ஓட்டை போட்டு, துருத்தியால் காத்து ஊதி ஊதி, நஞ்சு இறங்குற வரைக்கும் உசிரைப் பிடிச்சு வெச்சாங்க. கழுதை எந்திரிச்சிடுச்சு. அதுக்கப்புறம் அதை வேலை வாங்காமல் மேய விட்டுட்டாங்க, 1839 வரைக்கும் உசிரோட இருந்துச்சாம். அதுக்கு வூராலியான்னு பேரும் வெச்சாங்க. எல்லாரும் இதை அதிசயமா எழுதியிருக்காங்க. மகள் படிச்சு முடிச்சப்போ எனக்கு ஒரே கேள்விதான் வந்துச்சு: துருத்தி ஊதின நேரம் பூரா அந்தக் கழுதைக்குத் தெரிஞ்சுதா? தெரிஞ்சிருக்கணும். ஏன்னா அந்த நஞ்சு மூளையைத் தொடாது. 1947-ல் அமெரிக்காவில் ஸ்மித் என்கிற மயக்க டாக்டர், வேற எந்த மருந்தும் இல்லாமல் தன் உடம்பிலேயே குராரேயை ஏத்திக்கிட்டு, ஒரு விரல் அசையாத நிலையிலும் எல்லாம் தெரிஞ்சுதுன்னு எந்திரிச்சுச் சொன்னார். தானே வாங்கிக்கிட்டு, என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு படுத்தவர். கழுதைக்கு யாரும் சொல்லலை.

எனக்கு ஆபரேஷன் நடந்த அதே 2014-ல்தான் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மயக்க டாக்டர்களே சேர்ந்து, இப்படி முழிச்சவங்களைப் பத்தி நாடு முழுக்கக் கணக்கெடுத்த அறிக்கை வந்துச்சு. முழு மயக்கம் கொடுத்ததில் சுமார் 19,000 பேருக்கு ஒருத்தர் அப்படிச் சொல்லியிருந்தார். தசை மருந்து போடாதவங்களில் 1,36,000 பேருக்கு ஒருத்தர், போட்டவங்களில் சுமார் 8,000 பேருக்கு ஒருத்தர். மயக்கம் கொடுத்துச் செய்யும் சிசேரியனில் சுமார் 670-க்கு ஒருத்தர். (முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியன் வேற. அதில் முழிச்சிருக்கிறதுதான் வழக்கம்.) முழிச்சவங்களில் பெரும்பாலானவங்களுக்கு அது அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிருக்கு. ஆபரேஷனுக்குப் போகப் போறவங்க இதைப் படிச்சுப் பயந்துடாதீங்க, நான் போன நிலைமை வேற. இதுவே ஆளுங்களா வந்து சொன்ன கணக்குத்தான். ஸ்வீடனில் 2000-ல் வந்த ஒரு ஆய்வில் 11,785 பேர்கிட்ட நேரா போய், ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள மூணு தடவை கேட்டாங்க. 18 பேர் ஆமான்னாங்க. அதில் சிலர் முதல் தடவை கேட்டப்போ சொல்லவே இல்லை, நாள் கழிச்சுத்தான் சொன்னாங்க.

பிரிட்டன் அறிக்கையில் எனக்காகவே எழுதின மாதிரி ரெண்டு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு, ஆளை உடைக்கிறது வலியை விட அசைய முடியாமப் போறதுதான். இன்னொண்ணு, அந்த நேரத்தில் என்ன நடக்குதுன்னு அவர் என்ன நினைச்சாருங்கிறதுதான் பின்னாடி படுற பாட்டுக்கெல்லாம் மையம். அங்கேயே யாராவது பேசி விளக்கினாலோ, பின்னாடி வந்து சொல்றப்போ நம்பிக் கேட்டாலோ, பாரம் குறையுது. மகளை அதை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். படிச்சுட்டு அவள் என்னைப் பார்க்காமல் செல்போனையே பார்த்துட்டு, "அப்போ நான் கண்ணைப் பொத்தினது..." என்று இழுத்தாள். உன் தப்பு இல்லை கண்ணுன்னேன். அவள் உதட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கு.

டாக்டரம்மா என்னை உடனே ஆபரேஷனுக்கு எடுக்கலை. முதலில் மனநல டாக்டரைப் பாருங்கன்னாங்க. பைத்தியம் இல்லைன்னு சொல்லிட்டு அங்கேயே அனுப்புறீங்களேன்னு கேட்டேன். "கால் உடைஞ்சவரைக் கட்டுப் போடத்தானேங்கண்ணா அனுப்புவோம்" என்றார்கள். எட்டுத் தடவை போனேன். போருக்குப் போய் வந்தவங்களுக்கும் விபத்தில் பொழைச்சவங்களுக்கும் வர்ற அதே நோவுன்னு சொன்னாங்க, பி.டி.எஸ்.டி.ன்னு பேரு. வைத்தியம்னா பெருசா ஒண்ணும் இல்லை. அன்னைக்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் சத்தமா சொல்லணும், திரும்பவும் சொல்லணும். முதல் ரெண்டு தடவை "மாட்டுக் கேஸ்" வரைக்கும் போகவே முடியலை, பாதியில் வேர்த்து ஊத்தும். வீட்டில் கம்ப்ரசரை ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு, ஓடாமல் நின்னு கேட்கணும், அப்புறம் அஞ்சு நிமிஷம். சம்சாரம் சுவிட்ச் பக்கத்தில் நிப்பாள். மோட்டார் ரூமில் புருசனும் பொண்டாட்டியும் வேலைவெட்டி இல்லாமல் நிக்கிறதைப் பார்த்து பக்கத்துத் தோட்டத்துக்காரங்க என்ன நினைச்சாங்களோ.

ஆபரேஷன் அன்னைக்கு டாக்டரம்மா நெத்தியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாங்க. மூளை எவ்வளவு அடங்கியிருக்குன்னு அது நம்பராக் காட்டுமாம், நாப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருக்கணும். அதுவும் நூத்துக்கு நூறு கிடையாதுன்னு அவங்களே சொன்னாங்க, பொய் சொல்லாததால்தான் நான் அந்த மேஜையில் ஏறிப் படுத்தேன். மல்லாந்து. "நான் எங்கயும் போகமாட்டேங்கண்ணா, உங்க தலைமாட்டுலயேதான் இருப்பேன். இடையிடையில உங்க பேரைச் சொல்லி என்ன பண்றோம்னு சொல்லிட்டே இருப்பேன். உங்களுக்குக் கேட்காது. ஒருவேளை கேட்டா, அது நான்தான்" என்றார்கள். அப்புறம் தேங்காய் என்ன விலை போகுதுன்னு கேட்டாங்க. சொல்ல ஆரம்பிச்சேன்.

முழிச்சப்போ தாகம். பக்கத்தில் அதே குரல்: "தூங்குறதுக்கு முன்னாடி கடைசியா என்னங்கண்ணா ஞாபகம் இருக்கு?" தேங்காய் விலைன்னேன். "முழிச்சதும் முதல்ல?" தண்ணி வேணும்னேன். "நடுவுல ஏதாச்சும்?" தேடிப் பார்த்தேன். ஒண்ணுமே இல்லை. "கனவு ஏதாச்சும்?" அதுவும் இல்லை. இந்த மாதிரிக் கேள்விகளை 1970-ல் ப்ரைஸ் என்கிற டாக்டர் வகுத்து வெச்சார், இன்னைக்கும் அதைத்தான் கேட்கிறாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். நாலு கேள்விங்க. கேட்டு முடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. மறுநாள் வந்து ஒரு தடவை கேட்டாங்க, தையல் பிரிக்கப் போனப்போ ஒரு தடவை. உங்க வீட்டில் யாராவது ஆபரேஷன் முடிஞ்சு வந்து, எனக்குக் கேட்டுச்சுன்னு சொன்னா, கனவுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. மயக்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அடுத்த ஆபரேஷனுக்கு முன்னாடி அவரைச் சொல்ல வையுங்க.

மல்லாந்து படுத்து இப்பவும் தூங்க மாட்டேன், ஒருக்களிச்சுத்தான். கம்ப்ரசரைப் போன வருஷம் எடுத்துட்டு சப்மெர்சிபிள் இறக்கியாச்சு. தண்ணி கீழே போயிடுச்சுன்னு ஊருக்குச் சொன்னது, அதுவும் உண்மைதான். குடி விட்டு நாலு வருஷம் ஆகுது. அந்த மயிலைக் காளையை நான் ஆஸ்பத்திரியில் இருந்தப்பவே தம்பி வித்துட்டான். அடிமாட்டுக்குக் கொடுத்துட்டானோன்னு பயந்தேன், இல்லை, பட்டிக்காரர் ஒருத்தருக்குத்தான் கொடுத்திருக்கான். அதோட கன்னுக ரெண்டு இப்போ ரேக்ளாவில் ஓடுதுன்னு கேள்வி.

இனி போட்டோ விஷயத்துக்கு வர்றேன். லாடம் கட்ட மாட்டைச் சாய்ச்சதும் நான் இப்போ கயிறு பிடிக்கிறதில்லை. தலைமாட்டில் உட்கார்ந்துக்குவேன். கழுத்தில் கையை வெச்சுக்கிட்டு, "ஒண்ணுமில்லை சாமி, லாடம்தான் கட்டுறாங்க. முன்னங்கால் முடிஞ்சுது. இன்னும் ரெண்டு கால்தான், அப்புறம் எந்திரிச்சுக்கலாம்" என்று சொல்லிட்டிருப்பேன். அவ்வளவுதான் மந்திரம். லாடக்காரர் ஆணியை வாயில் கவ்விக்கிட்டே சிரிப்பார். "ஏனுங்க, மாட்டுக்கு நீங்க பேசறது புரியுதுங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

புரியுமோ என்னமோங்க. காதை மட்டும் என் பக்கம் திருப்பி வெச்சிருக்கும். படத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்க, தெரியும்.